மாமனாரோடு போக ஒரு மலிவுத் துப்பாக்கி

"எதைச் சுடப் போறீங்க வாத்தியாரே?" என்று கேட்டாள் துப்பாக்கிக் கடைக்கார நோலீன்.

கடைச் சுவரில் இருபது துப்பாக்கிகள் சங்கிலி கோத்து நின்றன. இருபதும் தன்னையே பார்ப்பதாக ஆங்கஸுக்குப் பட்டது.

"மான்தான். அப்படித்தான் மாமனார் சொன்னார்."

"ஹாமிஷா? உங்களைக் கூட்டிட்டா?" நோலீனின் புருவம் ஏறியது. "அந்த மனுஷன் முப்பது வருஷமா தனியாத்தானே போறார். சொந்தத் தம்பியையே கூட்டிட்டுப் போனதில்லை."

ஆங்கஸுக்கு உறுத்தியதும் அதுதான்.

கல்யாணமாகி ஆறு வருடங்கள். அதில் ஹாமிஷ் மெக்ரே மருமகனிடம் மொத்தமாக நாற்பது வார்த்தை பேசியிருப்பார். பாதி, 'கேட்டைச் சாத்து.' மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர்தான். ஆனால் அந்தப் பெயர் ஆங்கஸின் வாயில் ஏறவே இல்லை. ஆறு வருடங்களாக இருமிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பான்.

அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை அவன் தோளில் கை போட்டுப் பால் கறக்கும் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஆண் மான் கத்துற காலம் வந்தாச்சு மாப்ளே. ஈஸ்டருக்கு டாகிடிமு மலைக்குப் போறோம். நீயும் நானும் மட்டும். ஒரு விஷயம் பேசி முடிக்கணும்."

"என்ன விஷயம்?"

"உனக்கே தெரியும்."

தெரியும். அந்த விஷயத்துக்கு நாலு கால்.

"ஒரு துப்பாக்கி வாங்கிக்கோ. விலை ஜாஸ்தி போடாதே" என்றார் ஹாமிஷ். "ஒரு தடவைக்குத்தானே."

அது நடந்தது மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, மழைச் சாயங்காலம். மாமியாரின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். வீட்டில் யாரும் இல்லை. வாசலில் வைத்துவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தபோது சக்கரத்துக்கடியில் மெத்தென்று ஏதோ ஏறி இறங்கியது. இறங்கிப் பார்த்தான். கறுப்பு நாய். மாமியார் மோரீனின் ஜெட்.

மோரீனுக்குப் பெற்ற மகள் எல்ஸ்பெத். பெறாத மகன் ஜெட். இருவரில் யாருக்குச் செல்லம் அதிகம் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை. பதில் தெரியும்.

நாயின் முகத்தைப் பார்க்க ஆங்கஸுக்குத் தைரியம் வரவில்லை. மழைக்கோட்டைக் கழற்றி மூடினான். காரில் தூக்கிப் போட்டுக் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய், மாமனாரின் மண்வெட்டியாலேயே குழி தோண்டிப் புதைத்தான். மண்வெட்டியைக் கழுவி, எடுத்த ஆணியிலேயே மாட்டினான். மறுநாள் மோரீன், 'காணவில்லை' என்று ஜெட்டின் படம் போட்ட காகிதத்தோடு அழுதுகொண்டே வந்தாள். பள்ளி ஜெராக்ஸ் எந்திரத்தில் அதை நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

அன்றிலிருந்து ஹாமிஷ் அவனைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

"பட்ஜெட் எவ்வளவு?" என்றாள் நோலீன்.

"தொள்ளாயிரம் டாலர். ஒரு டாலர் கூட ஏறக் கூடாது."

அந்தத் தொகையை யோசித்துத்தான் பிடித்திருந்தான். இரண்டு ராத்திரி கம்ப்யூட்டரில் தேடியதில், தொலைநோக்கியோடு சேர்த்தால் உருப்படியான எதுவும் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இல்லை. காசு போதவில்லை, துப்பாக்கி இல்லை, மலை இல்லை. ஆளும் தப்பிப்பான்.

"தாராளம்" என்றாள் நோலீன்.

உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தாள். "முந்நூத்தெட்டு காலிபர். போல்ட் மாடல். ஒருத்தர் போன வருஷம் வாங்கினார், முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு, மலை ஏறாதேன்னுட்டாங்க. இருபது தடவைகூடச் சுட்டிருக்க மாட்டார். தொலைநோக்கியோட எண்ணூத்தம்பது."

"முந்நூத்தெட்டு பெருசு இல்லையா?"

"மாட்டுத் தீவனம் விக்கிற கடையிலகூட இந்தத் தோட்டா கிடைக்கும். முதல் துப்பாக்கிக்கு அதான் முக்கியம். தோட்டா கிடைக்கலேன்னா எவ்வளவு நல்ல துப்பாக்கியும் வெறும் தடி."

"மழையில துருப்பிடிக்குமே."

"ஸ்டெயின்லெஸ். பிடி பிளாஸ்டிக். ஊற வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"எனக்குத் தோள்பட்டை கொஞ்சம் வீக்கு."

நோலீன் மேசைக்கடியிலிருந்து ரப்பர் மெத்தை ஒன்றை எடுத்துப் பிடியின் முனையில் மாட்டினாள். "இது இனாம்."

"நான் இடது கைப் பழக்கம்."

"வாத்தியாரே, என் பொண்ணு ரெண்டு வருஷமா உங்க கிளாஸ். நீங்க வலது கையால போர்டுல எழுதுறது எனக்குத் தெரியாதா?"

ஆங்கஸ் குரலைத் தாழ்த்தினான். "ஒரு சந்தேகம். எதிர்ல இருக்கிறது திருப்பிச் சுடும்னா, எந்த மாடல் நல்லது?"

நோலீன் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மான் திருப்பிச் சுடாது" என்றாள்.

கடைசி வழி ஒன்று பாக்கி இருந்தது. சட்டைப் பையைத் தட்டினான். கால்சட்டைப் பையைத் தட்டினான். "அடடா, லைசென்ஸ் அட்டையை வீட்டிலேயே விட்டுட்டேன். லைசென்ஸ் இல்லாம நீங்க விக்க முடியாதே."

"எல்ஸ்பெத் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துட்டா. நீங்க மறந்துடுவீங்களாம்."

மிச்ச ஐம்பது டாலருக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகச் சொன்னாள் நோலீன். ஒரு சின்னப் பெட்டி தோட்டாவோடு நிறுத்திக்கொண்டு, ஆங்கஸ் ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டை வாங்கினான். கடையில் இருந்ததிலேயே கண் கூசுவது. நாளைக்கு யாரும், 'மான்னு நெனச்சுட்டேன்' என்று போலீஸில் சொல்ல முடியாது.

வீட்டில் எல்ஸ்பெத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பாவுக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. ஆறு வருஷம் ஆச்சு, ஆனா பிடிச்சுப் போச்சு."

துப்பாக்கி ஒரு பூட்டிலும் அதன் போல்ட் வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும் என்பதை, கல்யாணமான புதிதில் லைசென்ஸ் எடுத்த பயிற்சி வகுப்பில் ஆங்கஸ் கவனமாகக் குறித்துக்கொண்டிருந்தான். போல்ட் இல்லாவிட்டால் குண்டு ஏறாது, எவனும் சுட முடியாது. இரும்புப் பெட்டியில் இருந்த ஜாம் பாட்டில்களை இறக்கிவிட்டுத் துப்பாக்கியை வைத்தான். போல்ட்டைப் பழைய சாம்பல் நிறக் காலுறைக்குள் போட்டு, கிறிஸ்துமஸ் சாமான்கள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

அப்புறம் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார் ஹாமிஷ். ஆங்கஸ் இருமினான். "நான் ஒண்ணு யோசிச்சேன். ஒரு நாய்க்குட்டி வாங்கித் தரலாம்னு இருக்கேன். அதே மாதிரி கறுப்பா."

மோரீன் கேவி அழ ஆரம்பித்தாள். ஹாமிஷின் கத்தி தட்டில் விழுந்தது. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"இப்ப எதுக்கு நாய்ப் பேச்சு?"

"இல்ல, ஒரு ஈடா..."

"ஈடா?" என்றார் ஹாமிஷ்.

கிளம்பும்போது ஹாமிஷ் நடைவழியில் அவன் சட்டைக் கையைப் பிடித்தார். மூச்சு முகத்தில் அடித்தது.

"இந்த வீட்ல இனி நாயைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. அன்னிக்குச் சாயங்காலம் கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால உன் கார் நின்னுச்சு. நான் பார்த்தேன்."

ஆங்கஸ் கதவுக் கைப்பிடியைத் தேடினான்.

"மோரீனுக்கு எதுவும் தெரியக் கூடாது. மலையில வச்சு முடிச்சுக்கலாம்."

அன்று ராத்திரி ஆங்கஸ் மனைவியிடம், "நீயும் வாயேன். மலைக் காத்து உனக்கு நல்லது" என்றான். அவள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"வேண்டாங்கறார். சத்தம் கித்தம் வந்தாலும் பொம்பளைங்க காதுக்கு எட்டாத இடமா இருக்கணுமாம். ஆம்பளைங்க ரெண்டு பேரும் மனசு விட்டுக் கத்துவீங்க போல. எவ்வளவு ஆசையா இருக்கார் பாரு!"

இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆங்கஸ் ஒரு கடிதம் எழுதினான். 'அன்புள்ள எல்ஸ்பெத், இதை நீ படிக்கும்போது டிசம்பர் மாதமாக இருக்கும்' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினான். புனித வெள்ளி காலை, கீழே ஹாமிஷின் வண்டி ஹாரன் அடிக்க அடிக்க, கடிதத்தைக் கிறிஸ்துமஸ் பெட்டிக்குள் வைத்தான். காலுறையை எடுத்துப் பைக்குள் திணித்தான். ஓடினான்.

இரண்டு மணி நேரப் பயணம். மோரீன் கட்டிக் கொடுத்த சீஸ் ரோல் பொட்டலம் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"சாப்பிடு" என்றார் ஹாமிஷ்.

"நீங்க?"

"எனக்கு இறங்காது."

ஆங்கஸுக்கும் இறங்கவில்லை. அவர் தொடாததை அவன் தொடுவதாக இல்லை.

தார்ச்சாலை முடிந்து, மண்சாலை முடிந்து, ஒற்றையடிப் பாதை ஆரம்பித்தது. இருபுறமும் பீச் மரக் காடு. ஹாமிஷ் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"முன்னால போ."

"நீங்க போங்க. நீங்க பெரியவங்க."

"உனக்குத் துப்பாக்கி புதுசு. புதுசா பிடிக்கிறவனை நான் முதுகுக்குப் பின்னால விட மாட்டேன்."

"எனக்கு வழி தெரியாதே."

"இருக்கறதே ஒரே வழி."

கடைசியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பாதை ஒருவருக்கு மட்டுமே போதுமானது. ஆகவே வலது பக்கப் புதர்களை ஹாமிஷும் இடது பக்கப் புதர்களை ஆங்கஸும் கிழித்துக்கொண்டு போனார்கள். ஆங்கஸ் வழுக்கினால் ஹாமிஷ் நின்றார். ஹாமிஷ் நின்றால் ஆங்கஸும் நின்றான். நின்றபோதெல்லாம் ஹாமிஷ் எதையோ சொல்ல வாயெடுத்து, தொண்டையைக் கனைத்து, மறுபடி நடந்தார். கையில் துப்பாக்கியோடு ஒருவர் தொண்டையைக் கனைத்தால் எப்படி இருக்கும் என்று ஆங்கஸ் அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

மூன்று மணி நேரம் போனதும் எதிர்ச் சரிவிலிருந்து அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கரகரத்த நீண்ட கத்தல். ஹாமிஷின் முகமே மாறிவிட்டது.

"ஆணு. பெருசு" என்று கிசுகிசுத்தார்.

பையிலிருந்து பழைய வேக்யூம் கிளீனர் குழாய் ஒன்றை உருவி, வாயில் வைத்து அதேபோலக் கத்தினார். அங்கிருந்து பதில் வந்தது. இவர் கொஞ்சம் கோபமாகக் கத்தினார். அது இன்னும் கோபமாகக் கத்தியது. இப்படியே ஒரு மணி நேரம். ஒவ்வொரு கத்தலுக்கும் அது கொஞ்சம் நெருங்கியது. இவர்களும் தவழ்ந்து நெருங்கினார்கள்.

"போல்ட்டைப் போடு" என்றார் ஹாமிஷ்.

ஆங்கஸ் பைக்குள் கைவிட்டுக் காலுறையை எடுத்தான். அவிழ்த்தான்.

உள்ளே பித்தளை மணி ஒன்று இருந்தது. சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் மரத்து உச்சியில் தொங்கும் மணி.

எல்ஸ்பெத் மரத்தில் தொங்கவிடுவதையெல்லாம் பழைய காலுறைகளில் சுற்றி வைக்கிறவள் என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. போல்ட் லம்ஸ்டனில், வீட்டில் இருந்தது, கடிதத்துக்குத் துணையாக. தோளில் தொங்குவது எண்ணூற்றைம்பது டாலர் தடி.

"போட்டாச்சா?"

"ஆச்சு" என்றான் ஆங்கஸ், மணியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு.

"அசையாதே. தலையைக் குனி."

ஹாமிஷின் துப்பாக்கிக் குழல் மெல்ல உயர்ந்தது. அவன் காதை ஒட்டி வந்தது. ஆங்கஸின் கண்ணில் பட்டது அந்தக் குழலும் அதன் பின்னால் சுருங்கிய ஒரு கண்ணும் மட்டும்தான். இதுதான் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டான். ஒரு பிரார்த்தனைகூட முழுதாக நினைவுக்கு வரவில்லை. நடுங்கிய கைக்குள்ளிருந்து கணகணவென்று மணி அடித்தது.

காடே நிசப்தமானது.

எதிர்ப் புதரிலிருந்து மான் கேட்டது: "யாருய்யா அது, சர்ச் மணி அடிக்கிறது?"

ஹாமிஷ் துப்பாக்கியைத் தரையை நோக்கித் தாழ்த்தினார்.

புதரை விலக்கிக்கொண்டு மான் வெளியே வந்தது. ஆறரை அடி உயரம், மார்பு வரை தாடி, கையில் ஒரு துண்டு சாக்கடைக் குழாய்.

"என் பேரு கிளெம்" என்றது. "ஒரு மணி நேரமா உங்களைத்தான் விரட்டிட்டிருக்கேன். நல்லாக் கத்துறீங்க."

"நீங்களும்" என்றார் ஹாமிஷ் பலவீனமாக.

"மணி அடிச்சது யாரு?"

ஆங்கஸ் மணியைக் காட்டினான். கிளெம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எலும்பு நொறுங்கும் குலுக்கல். அதற்குமேல் அவர் பேசவில்லை. பேசுகிற ஆளாகவும் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூவரும் மலைக் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். தகரக் கூரை, ஒரு அடுப்பு, நாலு கட்டில். கிளெம் மூலைக் கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்து, தன் துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட ஆரம்பித்தார். ஹாமிஷுடையதைவிட அது இரண்டு மடங்கு தடிமன்.

ஆங்கஸ் அந்த முதுகைப் பார்த்தான். வாழ்க்கையில் அவ்வளவு பிடித்த முதுகை அவன் பார்த்ததில்லை. சாட்சி! சாட்சி இருக்கும்போது எந்த மாமனாரும் எதுவும் செய்துவிட முடியாது. சொல்வதானால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

இருமினான். அதே நேரம் ஹாமிஷும் தொண்டையைக் கனைத்தார்.

"ஜெட்டைப் பத்தி" என்றார்கள் இருவரும்.

"நீ சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

"இல்ல மாப்ளே, நீ சொல்லு."

"நான்தான் கொன்னேன்" என்றான் ஆங்கஸ்.

ஹாமிஷ் சட்டென்று திரும்பினார்.

"என்னது?"

"வேணும்னு செய்யல. மார்ச் முதல் வெள்ளி, சாயங்காலம் ஆறு மணி. உங்க கேட்டுக்கிட்ட காரைப் பின்னால எடுத்தேன். ஏத்திட்டேன். கொட்டகைக்குப் பின்னால புதைச்சேன். மண்வெட்டியைக் கழுவி வச்சுட்டேன். சுடறதா இருந்தா சுட்டுடுங்க, ஆனா அவருக்கு முன்னால சுடுங்க."

ஹாமிஷ் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஜெட் இன்வர்கார்கில் டவுன்ல இருக்கு" என்றார்.

"என்னது?" இது ஆங்கஸ்.

"அன்னிக்கு அஞ்சரை மணிக்கே ஒருத்தன்கிட்ட கொடுத்து அனுப்பிட்டேன். கொட்டகைக்கு முன்பக்கம். நேத்துகூட போன் பண்ணினான், நல்லாச் சாப்பிடுதாம்."

"ஏன்?"

"எட்டு வருஷமா கட்டில்ல என் இடத்துல அதான் படுத்துக்கிச்சு. நான் சோபாவுல. அறுபத்தஞ்சு வயசுக்காரன் முதுகு எவ்வளவுதான் தாங்கும், சொல்லு. மோரீன்கிட்ட காணாமப் போச்சுன்னுட்டேன். அப்புறம் பார்த்தா கொட்டகைக்குப் பின்பக்கம் உன் கார் நிக்குது! நீ எல்லாத்தையும் பார்த்துட்டேன்னு நெனச்சேன்."

"நானா?"

"அஞ்சு வாரமா நான் தூங்கல. உன்கிட்ட தனியா கெஞ்சலாம்னுதான் மலைக்குக் கூப்பிட்டேன். காரணம் ஒண்ணு வேணுமே, அதான் துப்பாக்கி. நீ என்னடான்னா விருந்துல உக்காந்துக்கிட்டு, அவ முன்னாலயே நாய்க்குட்டி, ஈடுங்கற! நீ மிரட்டிக் காசு கறக்கப் போறேன்னு பயந்தே போயிட்டேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரித்துச் சிரித்து ஹாமிஷுக்குப் புரையேறியது. ஆங்கஸ் அவர் முதுகைத் தட்டினான். ஆறு வருடங்களில் முதல் தடவையாக, "மெதுவா, ஹாமிஷ், மெதுவா" என்றான். பெயர் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம்.

சீஸ் ரோல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆறிப்போய்க் கட்டியாக இருந்தது. ஆளுக்கு நாலு சாப்பிட்டார்கள்.

"துப்பாக்கியைக் காட்டு" என்றார் ஹாமிஷ். வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் பொறுக்கியிருக்கே. இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. வித்துடாதே. அடுத்த வருஷமும் வரலாம்." பிறகு அதன் நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். "போல்ட் எங்கே?"

"கிறிஸ்துமஸ் பெட்டியில."

மறுபடி சிரிப்பு. கண்ணீர் வரும்வரை சிரிப்பு. ஐந்து வாரப் பயமும் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதுபோல் ஆங்கஸுக்கு இருந்தது.

மூலையில் கிளெம் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். தன் போல்ட்டைத் துப்பாக்கிக்குள் செருகி அடைத்தார். க்ளக் என்றது. அவர் மெதுவாக இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, நீ புதைச்சியே," என்றார், "அதுக்கு வால் நுனி மட்டும் வெள்ளையா இருந்துச்சா?"